14 × 11 அடி அறை, 25 ஆயிரம் பட்ஜெட்: எந்த சப்வூஃபர் எடுக்கலாம்?

மாடிவீட்டுக்காரன்
வணக்கம். முதல் மாடி ஃப்ளாட். அறை 14 அடி நீளம், 11 அடி அகலம், 10 அடி உயரம். செங்கல் சுவர், டைல்ஸ் தரை, கான்கிரீட் கூரை. 5.1 ரிசீவர் இருக்கிறது, முன்னால் இரண்டு புக்‌ஷெல்ஃப் (5 இன்ச் வூஃபர்), சென்டர், பின்னால் சின்ன சாட்டிலைட் இரண்டு. சப்வூஃபர் (அடிநாதம், அதாவது பாஸ் தரும் தனி ஸ்பீக்கர்) மட்டும் இல்லை. 25,000 ரூபாய் வரை போகலாம். படம் 70 சதவீதம், பாட்டு 30. கடையில் 8 இன்ச் ஒன்றைக் காட்டி "வாட்ஸ் அதிகம், இதுவே போதும்" என்கிறார்கள். சோஃபா இப்போது பின்சுவரை ஒட்டிக் கிடக்கிறது. ஆலோசனை சொல்லுங்கள்.

ஆழ்ஒலி
முதலில் வாட்ஸ் கணக்கை ஓரமாக வையுங்கள். அட்டையில் பிஎம்பிஓ (விளம்பரத்துக்கான உச்ச வாட்ஸ்) என்று போட்டிருந்தால் அந்த எண்ணுக்கு எந்த அளவுகோலும் கிடையாது, படிக்கவே வேண்டாம். ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரும் வாட்ஸ்) என்று தனியாகப் போட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அதுவும் இரண்டாம் பட்சம்தான். வாட்ஸை இரண்டு மடங்காக்கினால் கிடைப்பது 3 டெசிபல். கோன் (ஸ்பீக்கரின் முன்பக்கக் கூம்பு) தள்ளும் காற்றை இரண்டு மடங்காக்கினால் 6 டெசிபல்.

கோன் பரப்பு ஏறக்குறைய இப்படி: 8 இன்ச் என்றால் 215 சதுர செ.மீ., 10 இன்ச் 340, 12 இன்ச் 510. அதாவது ஒரு 12 இன்ச் இரண்டு 8 இன்ச்சை விடப் பெரியது. கோன் ஒரே தூரம் முன்னும் பின்னும் போனால் 8 இன்ச்சை விட 12 இன்ச் 7 டெசிபலுக்கு மேல் சத்தம் தரும்.

இதில் கடைக்காரர் சொல்லாத ஒன்று: 40 ஹெர்ட்ஸில் கேட்ட அதே சத்தம் 20 ஹெர்ட்ஸிலும் வேண்டுமென்றால் நான்கு மடங்கு காற்றைத் தள்ள வேண்டும். படத்தில் கட்டடம் இடிகிற காட்சியில் சோஃபா நடுங்குவது 20–35 ஹெர்ட்ஸ் பகுதியில்தான். அந்த வேலையை 8 இன்ச்சிடம் கேட்டால் அது பொத்பொத்தென்று அடிக்கும், அவ்வளவுதான்.

என் கருத்து: போர்ட் (பெட்டியில் காற்று போய்வரும் குழாய்த் துளை) வைத்த 12 இன்ச். பட்ஜெட்டுக்குள் புதிது அமையாவிட்டால் செகண்ட் ஹேண்டில் 12 தேடுங்கள். அதுவும் இல்லையென்றால் புது 10. அதற்குக் கீழே இறங்க வேண்டாம்.

வரைபடம்80
அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஸ்பெக் ஷீட்டில் "20–200 ஹெர்ட்ஸ்" என்று மொட்டையாகப் போட்டிருந்தால் அதற்கு அர்த்தமே இல்லை. பக்கத்தில் "±3 டெசிபல்" என்று இருக்க வேண்டும், அதாவது அந்த எல்லைக்குள் சத்தம் 3 டெசிபலுக்கு மேல் கூடவோ குறையவோ செய்யாது. உதாரணத்துக்கு, க்ளிப்ஷ் ஆர்-100எஸ்டபிள்யூ 10 இன்ச், 150 வாட் ஆர்எம்எஸ், ±3-ல் 32 ஹெர்ட்ஸ். அதே வரிசையில் ஆர்-120எஸ்டபிள்யூ 12 இன்ச், 200 வாட், 29 ஹெர்ட்ஸ். அட்டையில் பெரிய எழுத்தில் இருக்கும் 300-ம் 400-ம் பீக் வாட்ஸ். இதையே வாங்குங்கள் என்று சொல்லவில்லை. ஸ்பெக்கை எப்படிப் படிப்பது என்பதற்காகச் சொன்னேன்.

ஆனால் உங்கள் கேள்வியில் சப்பை விட முக்கியமானது கடைசியில் சொன்னது. "சோஃபா பின்சுவரை ஒட்டி." அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ரம்பமும்உளியும்
தம்பி, 25 ஆயிரத்துக்கு ஏன் கடைச் சரக்கு? 12 இன்ச் டிரைவர் (பெட்டி இல்லாத ஸ்பீக்கர்), ப்ளேட் ஆம்ப் (பெட்டி முதுகுல பொருத்துற ஆம்ப்), ஒரு ஷீட் 18 மி.மீ. எம்டிஎஃப் பலகை. சென்னை ரிச்சி தெருவில் ஒரு நடை போனா டிரைவரும் ஆம்பும் கையில. கணக்கு போட்டே தரேன்.

பெட்டி நிகர கொள்ளளவு 90 லிட்டர், ட்யூனிங் (போர்ட் காத்து அதிர்ற அதிர்வெண்) 25 ஹெர்ட்ஸ். உள்ளளவு 56 உயரம், 40 அகலம், 45 ஆழம், எல்லாம் செ.மீ. பெருக்கினா 100.8 லிட்டர். டிரைவர் 4, போர்ட் குழாய் 3.6, உள் தாங்குக்கட்டை 3 போக மீதி 90 சொச்சம். போர்ட்டுக்கு 110 மி.மீ. பிவிசி குழாய், உள்விட்டம் சுமார் 10.4 செ.மீ., நீளம் 38 செ.மீ. அடிப்பலகையில் துளை போட்டு நேரா மேல நிறுத்தினா வளைவே வேண்டாம், உச்சிக்கு 18 செ.மீ. இடைவெளி கிடைக்குது. கால் 10 செ.மீ. உயரம் வைங்க. அடியில காத்து போக வழி இல்லேன்னா ட்யூனிங் இறங்கிடும்.

8 × 4 ஷீட்ல பாதிக்குக் கொஞ்சம் மேல போகும். மீதியை வீணாக்காம முன்பலகையை ரெட்டையா ஒட்டுங்க, 36 மி.மீ. ஆயிடும். ஒட்டுக்கு ஃபெவிகால், ஸ்க்ரூ 15 செ.மீ.க்கு ஒண்ணு. காஞ்ச பிறகு உள் மூலை எல்லாத்துலயும் சிலிக்கான் இழுத்துவிடுங்க. காத்து கசிஞ்சா "புஸ் புஸ்"னு கேக்கும், அப்புறம் எங்கேன்னு தேடி மாளாது.

ஆழ்ஒலி
ரம்பமும்உளியும் அண்ணா, பெட்டிக் கணக்கு சரி. மூன்று இடத்தில் மட்டும் எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். புதிதாகச் செய்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஒன்று, டிரைவர். கையில் கிடைக்கும் 12 இன்ச் பெரும்பாலும் கார் டிரைவர். காருக்குள் கேபின் சின்னது, அடிநாதத்தை அதுவே தூக்கிக் கொடுத்துவிடும். அதை நம்பிச் செய்த டிரைவரை வீட்டு அறையில் வைத்தால் 45–50 ஹெர்ட்ஸில் ஒரு மேடு, அதற்குக் கீழே பள்ளம். டிரைவரின் டிஎஸ் பாராமீட்டர்களை, அதாவது தயாரிப்பாளர் தரும் அளவீட்டு எண்களை, வின்ஐஎஸ்டி என்ற பெட்டி வடிவமைப்பு மென்பொருளில் போட்டுப் பார்க்காமல் 90 லிட்டர் என்று அறுக்கக் கூடாது. பாராமீட்டர் தாளே கிடைக்காத டிரைவரை வாங்கவே வேண்டாம்.

இரண்டு, போர்ட். 12 இன்ச்சுக்கு ஒரே ஒரு 4 இன்ச் குழாய் என்றால் உரத்துப் போடும்போது காற்றின் வேகம் ஏறி 'ஃபூ... ஃபூ' என்று ஊதும். நொடிக்கு 17 மீட்டருக்குக் கீழே வைக்க வேண்டும் என்பது பொது விதி. இரண்டு குழாய் போட்டால் அதே 25 ஹெர்ட்ஸுக்கு ஒவ்வொன்றும் 83 செ.மீ. நீளம் வேண்டும், இந்தப் பெட்டிக்குள் நேராக நிற்காது. ஆகவே குழாயின் இரண்டு முனைகளையும் வெளிப்பக்கம் விரித்து, சத்தத்தைக் கொஞ்சம் அடக்கியே கேட்க வேண்டும்.

மூன்று, ஹைபாஸ் (சப்சானிக்) ஃபில்டர், அதாவது மிகத் தாழ்ந்த அதிர்வெண்களை வெட்டுவது. ட்யூனிங்குக்குக் கீழே போர்ட் பெட்டிக்குள் கோனைப் பிடித்து நிறுத்தக் காற்று இருக்காது. 15 ஹெர்ட்ஸ் சிக்னல் வந்தால் கோன் தறிகெட்டு ஆடி வாய்ஸ் காயில் (கோனை ஆட்டும் கம்பிச்சுருள்) பின்தகட்டில் 'டக்'கென்று இடிக்கும். ப்ளேட் ஆம்பில் 20 ஹெர்ட்ஸ் அருகே சப்சானிக் ஃபில்டர் இருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும்.

மின்கம்பி
ஆம்ப் பற்றி நானும் சொல்கிறேன். அசெம்பிள் கடைகளில் டிடிஏ 7294 என்ற ஆம்ப் ஐசி போர்டைக் காட்டி "100 வாட், 200 வாட்" என்பார்கள். அந்த ஐசியின் டேட்டாஷீட் படி 4 ஓம் ஸ்பீக்கருக்கு ±27 வோல்ட்டில் தொடர்ச்சியாகக் கிடைப்பது 70 வாட். நல்ல ஐசிதான், ஆனால் 12 இன்ச் சப்புக்கு ஒன்று போதாது. கார் ஆம்பைக் கம்ப்யூட்டர் பவர் சப்ளையில் ஓட்டுவதும் வேண்டாம். உரத்த பாஸ் வரும் நொடியில் 12 வோல்ட் லைன் படுத்துவிடும்.

அமெரிக்காவிலிருந்து யாராவது கொண்டுவந்த சப் மலிவாகக் கிடைத்தால் பின்பக்க லேபிளைப் படியுங்கள். 120 வோல்ட் மட்டும் என்றிருந்தால் நம் 230-ல் செருகிய கணமே போய்விடும். அதற்கேற்ற ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் விலையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

மாடிவீட்டுக்காரன்
எல்லாருக்கும் நன்றி. மர வேலைக்கு இடமும் இல்லை, கருவியும் இல்லை. ரெடிமேடுதான் எடுப்பேன். சீல்டு பெட்டி (துளையே இல்லாதது) பாட்டுக்கு நல்லது என்று படித்தேன். அப்படியானால் போர்ட் ஏன்?

ஆழ்ஒலி
சீல்டு பெட்டியில் சத்தம் ஆக்டேவுக்கு (அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு படிக்கும்) 12 டெசிபல் வீதம் நிதானமாகக் குறையும். போர்ட் பெட்டி ட்யூனிங் வரை தாக்குப்பிடித்து, அதற்குக் கீழே 24 டெசிபல் வீதம் செங்குத்தாக விழும். விலை உயர்ந்த சீல்டு சப் அந்தக் குறைவை ஆம்ப் சக்தியால் ஈடுகட்டும். 500 வாட்டுக்கு மேல் ஆம்ப், நீண்ட தூரம் ஆடும் டிரைவர், இரண்டும் அதற்கு வேண்டும். உங்கள் பட்ஜெட்டில் அந்த இரண்டும் வராது. இந்த விலையில் கிடைக்கும் சீல்டு 8 இன்ச் 45 ஹெர்ட்ஸுக்குக் கீழே களைத்துவிடும்.

"போர்ட் என்றால் இழுவையாகக் கேட்கும்" என்ற புகாரில் பெரும்பங்கு அறையுடையது. பெட்டியின் மேல் பழியைப் போடுகிறோம்.

வரைபடம்80
இப்போது அறைக்கு வரலாம். உங்கள் அறையின் முதல் அதிர்வுகளை, அதாவது சுவர்களுக்கிடையே மோதித் திரும்பித் தானாக உரக்கும் அதிர்வெண்களைக் கணக்கிட, ஒலியின் வேகத்தை (நொடிக்கு 343 மீட்டர்) நீளத்தின் இரண்டு மடங்கால் வகுக்க வேண்டும். 14 அடி என்பது 4.27 மீட்டர், ஆகவே 40 ஹெர்ட்ஸ். 11 அடிக்கு 51. 10 அடி உயரத்துக்கு 56. மூன்றும் அருகருகே நிற்கின்றன.

பேஸ் கிட்டாரின் அடித்தந்தி திறந்த நிலையில் 41 ஹெர்ட்ஸ். உங்கள் அறையின் 40-க்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சுவரை ஒட்டி உட்கார்ந்தால் அந்த ஒரு சுரம் மட்டும் கும்மென்று அடைத்துக்கொண்டு வரும், அடுத்த சுரம் சாதாரணமாகக் கேட்கும். அறையின் சரிநடுவில், அதாவது 7 அடியில் உட்கார்ந்தால் அதே சுரம் காணாமல் போகும். சப்பை மாற்றினாலும் இது மாறாது.

வெளிநாட்டு வலைத்தளங்களில் எழுதுபவர்களின் வீடுகளில் பெரும்பாலும் ஜிப்சம் பலகைச் சுவர். பாஸ் அதில் கொஞ்சம் கசிந்து வெளியே போய்விடும். நம் செங்கல் சுவரும் கான்கிரீட்டும் ஒலியைக் கெட்டியாக உள்ளே பிடித்து வைக்கும். அதனால் இரண்டு விளைவு: அடி பாஸ் நமக்கு இலவசமாகக் கூடுதலாகக் கிடைக்கும், மேடும் பள்ளமும் அவர்களுடையதை விட மோசமாக இருக்கும். அவர்கள் சொல்லும் "இந்த அறைக்கு இத்தனை இன்ச்" கணக்கை அப்படியே எடுக்காதீர்கள்.

சோஃபாவை ஒன்றரை முதல் இரண்டு அடி முன்னால் இழுங்கள். டிவி சுவரிலிருந்து காது 9–10 அடியில் இருந்தால் போதும். செலவு பூஜ்யம், பலன் சப் மாற்றுவதற்குச் சமம்.

மாடிவீட்டுக்காரன்
இரண்டு அடி இழுக்கலாம், பிரச்சினை இல்லை. சப்பை எங்கே வைப்பது? டிவி ஸ்டாண்டுக்கு இடப்பக்க மூலையில் இடம் இருக்கிறது.

வரைபடம்80
மூலை எல்லா அதிர்வுகளையும் முழுசாகக் கிளப்பும். சத்தம் அதிகம், சமநிலை குறைவு. சின்ன சப்புக்கு மூலை துணை நிற்கும், 12 இன்ச்சுக்கு பெரும்பாலும் அளவு மீறும். ஊகிக்க வேண்டாம், தேடிப் பிடியுங்கள்.

சப்பைத் தூக்கி நீங்கள் உட்காரும் இடத்திலேயே வையுங்கள், முடிந்தால் சோஃபாவின் மேலேயே. பேஸ் கிட்டார் ஏறி இறங்கி வரும் பாட்டு ஒன்றைத் திரும்பத் திரும்ப ஓட விடுங்கள். சப் வைக்க முடிகிற இடங்களில் சுவரோரம் 2 அடிக்கு ஒரு சாக்பீஸ் கோடு. ஒவ்வொரு கோட்டிலும் மண்டியிட்டு, காதைச் சப் உயரத்துக்கு இறக்கிக் கேளுங்கள். சத்தம் அதிகமாக இருக்கிற இடத்தைத் தேடாதீர்கள். எல்லாச் சுரமும் ஒரே பலத்தில் வருகிற இடம்தான் வேண்டும். அங்கே சப்பை வைத்து, நீங்கள் சோஃபாவில் போய் உட்கார்ந்தால் அதே ஒலி கேட்கும். ஒலி போகும் பாதையும் வரும் பாதையும் ஒன்றுதான் என்பதால் இது வேலை செய்கிறது.

அளந்து பார்க்க ஆசை இருந்தால் ஆர்இடபிள்யூ மென்பொருள் இலவசம். ஆனால் ஃபோன் மைக்கை நம்பாதீர்கள். பேச்சுக்காக அடி அதிர்வெண்ணை வெட்டும்படி பல ஃபோன்களை அமைத்திருப்பார்கள். யுமிக்-1 போல அளவீட்டுக்கான யுஎஸ்பி மைக்கை நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து வாங்கிச் சுற்றுக்கு விடலாம்.

ரம்பமும்உளியும்
ஒரு சின்ன விஷயம். போர்ட் வழியா பல்லியும் கரப்பானும் உள்ள போய் குடியிருக்கும். நம்ம ஊர்ல இது நிஜம். அதுக்காகக் கொசுவலையை இழுத்துக் கட்டிடாதீங்க, காத்து உரசி சத்தம் வரும். கேக்காத நேரத்துல ஒரு ஸ்பாஞ்ச் பந்தை அடைச்சு வைங்க, போடறதுக்கு முன்னாடி எடுத்துடுங்க.

தவில்தொப்பி
ஒரு 12-க்குப் பதில் இரண்டு 10 வாங்கினால்?

ஆழ்ஒலி
நல்ல யோசனை. இரண்டும் ஒரே மாடலாக இருந்தால் மட்டும். பரப்பு 680 சதுர செ.மீ. ஆகிவிடும். அதைவிடப் பெரிய லாபம் சமநிலை. எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் ஒவ்வொன்றாக வைத்தால் முதல் அதிர்வுகள் ஒன்றையொன்று தணித்துக்கொள்ளும். ஹார்மன் நிறுவனத்தின் டாட் வெல்டி 2002-ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இதைத்தான் விரிவாகச் சோதித்தது. ஒரே ஒருவர் கேட்பதென்றால் ஒரு சப்பைச் சரியான இடத்தில் வைத்து சமாளிக்கலாம். மூன்று பேர் வரிசையாக உட்காரும் வீட்டுக்கு இரண்டு சப் பெரிய மாற்றம்.

இப்போதைக்கு ஒரு நல்ல 10 வாங்கி, அடுத்த வருடம் அதே மாடலில் இன்னொன்று என்பதும் புத்திசாலித்தனமான வழி. ஆனால் 8 இன்ச் இரண்டு என்று இறங்காதீர்கள்.

மாடிவீட்டுக்காரன்
ரிசீவர் செட்டிங் எப்படி வைப்பது? சப்பின் பின்னால் இருக்கும் மூன்று திருகும் எனக்குப் புரியவில்லை.

வரைபடம்80
முதலில் ரிசீவரின் பின்பக்கம் பாருங்கள். 'சப்வூஃபர் ப்ரீ அவுட்' என்று ஒற்றை ஆர்சிஏ துளை இருக்க வேண்டும். டப்பாவாக வரும் சில செட்டுகளில் சப்புக்கு ஸ்பீக்கர் வயர் முனைதான் இருக்கும். அப்படியென்றால் ஸ்பீக்கர் வயரையே ஏற்கும் ஹைலெவல் உள்ளீடு உள்ள சப் வேண்டும், அதிலும் டிஜிட்டல் ஆம்ப் செட் என்றால் சர்வீஸ் ஆளிடம் கேட்காமல் இணைக்கக் கூடாது. மைனஸ் முனைகளை ஒன்றாகச் சேர்த்தால் சில ஆம்ப்கள் எரிந்துபோகும்.

கேபிளுக்குப் பணத்தை இறைக்காதீர்கள். கேபிள் டிவிக்குப் போடும் ஆர்ஜி6 கோஆக்ஸில் இரண்டு முனையிலும் ஆர்சிஏ ப்ளக் போட்டால் 5 மீட்டருக்குப் பிரமாதமாக வேலை செய்யும்.

சப்பின் க்ராஸ்ஓவர் திருகை (எந்த ஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டுவது என்பது) முழுக்க வலப்பக்கம் திருப்பி விடுங்கள், அல்லது எல்எஃப்இ (படத்தின் தனி பாஸ் தடம்) உள்ளீட்டில் செருகுங்கள். பிரிக்கிற வேலையை ரிசீவர் செய்யட்டும். இரண்டு பேரும் வெட்டினால் நடுவில் ஓட்டை விழும். வால்யூம் திருகு பாதிக்குக் கொஞ்சம் கீழே. ஃபேஸ் (சப்பின் அலையை முன் ஸ்பீக்கரோடு ஒத்துப்போக வைக்கும் திருகு) 0.

ரிசீவரில் எல்லா ஸ்பீக்கரும் 'ஸ்மால்' (அவற்றின் அடி பாஸை சப்புக்கு அனுப்பும் தேர்வு). உங்கள் 5 இன்ச் புக்‌ஷெல்ஃபுக்கு 80 ஹெர்ட்ஸ், பின் சாட்டிலைட்டுக்கு 120. எல்எஃப்இ லோபாஸ் 120. 'எல்எஃப்இ + மெயின்' என்ற தேர்வு கண்ணில் பட்டால் தொடாதீர்கள். ஒரே பாஸ் இரண்டு இடத்திலிருந்து வந்து குழப்பும்.

பிறகு ஆட்டோ செட்டப் (ரிசீவர் மைக் வைத்துத் தானே அளக்கும் வசதி) ஓட்டுங்கள். முடிந்ததும் இரண்டு எண்களைப் பாருங்கள். சப் லெவல் −12 என்று வந்தால் அளவு முட்டிவிட்டது, உண்மையில் இன்னும் குறைக்க விரும்புகிறது. சப்பின் திருகைக் குறைத்து மறுபடி ஓட்டுங்கள். −3 முதல் −8 வரை வந்தால் நிம்மதி. அடுத்து தூரம். சப் 9 அடியில் இருக்க ரிசீவர் 14 என்று காட்டலாம். டேப் வைத்து அளந்து 9 என்று 'திருத்தி' விடாதீர்கள்! சப்பின் உள் மின்சுற்று சிக்னலைத் தாமதப்படுத்துகிறது, அந்தத் தாமதத்தைத்தான் ரிசீவர் அடியாகச் சொல்கிறது. கெடுக்கிறவர்கள் பாதிப்பேர் இங்கேதான் கெடுக்கிறார்கள்.

கடைசியாக, 80 ஹெர்ட்ஸ் டோனை முன் ஸ்பீக்கரும் சப்பும் சேர்ந்து ஒலிக்கும்படி ஓட விட்டு, ஃபேஸை 0-விலும் 180-லும் மாற்றிக் கேளுங்கள். எதில் சத்தம் அதிகமோ அது சரி. ஆட்டோ ஈக்யூ (ரிசீவர் தானே செய்யும் ஒலிச் சீரமைப்பு) 40 ஹெர்ட்ஸ் மேட்டை வெட்டினால் விடுங்கள். பள்ளத்தை நீங்களாகத் தூக்க முயலாதீர்கள். 6 டெசிபல் தூக்க நான்கு மடங்கு சக்தி போகும், பள்ளம் பள்ளமாகவே இருக்கும்.

மின்கம்பி
செருகியதும் 'ம்ம்ம்' என்று 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் வந்தால் பதற வேண்டாம். செட்டாப் பாக்ஸுக்கு வரும் கோஆக்ஸைச் சுவரிலிருந்து கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் அந்த வயர் வழியாக வேறோர் எர்த் வருகிறது என்று அர்த்தம். ரிசீவர், சப், டிவி மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகுங்கள். சப்பின் மூன்றாவது பின்னை வெட்டவோ, டூ-பின் அடாப்டர் போடவோ கூடாது. உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் கசிந்தால் உலோகத் தகடு முழுக்க 230 வோல்ட், அது உயிர் விஷயம். மலிவான ஆர்சிஏ ஐசொலேட்டர் இரைச்சலை நிறுத்தும், கூடவே அடி பாஸையும் தின்றுவிடும். தீர்வைச் செட்டாப் பாக்ஸ் கோஆக்ஸ் பக்கம்தான் தேட வேண்டும், ஐசொலேட்டரைச் சப் வயரில் போடக் கூடாது.

மெதுவாகக் கேட்கும்போது சப் தானாக அணைந்துவிடுகிறது என்று சிலர் புகார் சொல்வார்கள். சிக்னல் பலவீனமாகப் போவதுதான் காரணம். சப் திருகைக் குறைத்து ரிசீவரில் அதே அளவு ஏற்றுங்கள், விழித்துக்கொள்ளும்.

தவில்தொப்பி
கீழ் வீட்டுக்காரர் சண்டைக்கு வருவாரே?

ஆழ்ஒலி
ரப்பர் பாதம் வைத்தால் தரை வழியே போகும் நடுக்கம் குறையும். காற்று வழியே போவதை எதுவும் நிறுத்தாது. இரவு பத்துக்கு மேல் ரிசீவரில் நைட் மோடை இயக்கி, சப்பை 5 டெசிபல் குறையுங்கள். வேறு மந்திரம் இல்லை.

உங்கள் அறைக்குள் கடகடப்பதைத் தனியாகப் பாருங்கள். 20-லிருந்து 80 வரை மெதுவாக ஏறும் டோனை ஓட விட்டு, இன்னொருவர் கையால் தொட்டுக்கொண்டே சுற்றி வர வேண்டும். ஸ்டீல் பீரோவின் கதவு, லாஃப்ட்டில் அடுக்கிய எவர்சில்வர் பாத்திரம், ஜன்னல் கண்ணாடி, ஸ்விட்ச் போர்டு மூடி. பழைய சைக்கிள் ட்யூபை அரை இன்ச் துண்டுகளாக வெட்டி பீரோ கதவு இடுக்கில் ஒட்டினால் 35 ஹெர்ட்ஸில் வரும் 'ஸ்ர்ர்' நின்றுவிடும். "சப் கிழிந்துவிட்டது" என்று திருப்பிக் கொடுக்கப் போகிறவர்கள் முதலில் பீரோவைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

மாடிவீட்டுக்காரன்
பட்ஜெட்டுக்குள் பழைய 12 இன்ச் போர்ட் ஒன்று அகப்பட்டிருக்கிறது, ஏழு வருடம் ஆனதாம். சனிக்கிழமை பார்க்கப் போகிறேன். என்னென்ன பார்க்க வேண்டும்?

மின்கம்பி
துணி க்ரில்லைக் கழற்றச் சொல்லுங்கள். கோனைச் சுற்றியுள்ள வளையம் ரப்பரா ஃபோமா என்று பாருங்கள். ஃபோம் என்றால் நகத்தால் மெல்லத் தொடுங்கள், மாவாக உதிர்ந்தால் வேண்டாம். கடலோர ஈரப்பதத்தில் ஃபோம் சீக்கிரம் போகும். கரண்ட் இல்லாத நிலையில் இரண்டு கை விரல்களையும் பரத்தி வைத்து, கோனை நேராக ஒரு செ.மீ. அழுத்துங்கள். 'சர்சர்' என்று மணல் உரசல் கேட்டால் வாய்ஸ் காயில் தேய்கிறது. பிறகு ஆன் செய்து, வயர் எதுவும் செருகாமல் வால்யூமை முழுக்க ஏற்றுங்கள். லேசான இரைச்சல் பரவாயில்லை. ஓர் அடி தள்ளி நின்றும் 'ம்ம்' என்று தெளிவாகக் கேட்டால் ஆம்பின் கெப்பாசிட்டர்கள் காய்ந்திருக்கும். அரை மணி நேரம் ஓட விட்டுப் பின்தகட்டைத் தொடுங்கள். வெதுவெதுப்பு சரி, கை வைக்க முடியாத சூடு சரியில்லை.

வரைபடம்80
ஃபோனில் 25, 30, 40, 60 ஹெர்ட்ஸ் டோன்களை ஏற்றிக்கொண்டு போங்கள், 3.5 மி.மீ.-லிருந்து ஆர்சிஏ வயர் ஒன்றும். குறைந்த சத்தத்தில் தொடங்கி மெல்ல ஏற்றுங்கள். 30-ல் டோன் சுத்தமாக வந்து, டக்கென்ற அடியோ கடகடப்போ இல்லாவிட்டால் பணத்தைக் கொடுக்கலாம்.

12 இன்ச் போர்ட் பெட்டிகள் பெரும்பாலும் பின்னோக்கி 45–50 செ.மீ. ஆழம் இருக்கும், பின்னால் ஆம்ப் தகட்டுக்குக் காற்றோட்டமாக இன்னும் 10 செ.மீ. விட வேண்டும். இடப்பக்க மூலைக்கும் டிவி ஸ்டாண்டுக்கும் நடுவே அது நிற்குமா என்று வீட்டிலேயே டேப் போட்டு அளந்துவிட்டுக் கிளம்புங்கள்.